பதில் வராத ஜெபமும் விட்டுவிடாத விசுவாசமும்



குத்தம்பாக்கத்திலும் சுற்றியிருக்கிற கிராமங்களிலும் வீட்டு ஜெபத்துக்குப் போகும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப என் காதில் விழுகிறது. ஜெபம் முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு சகோதரி மெதுவாக ஆரம்பிப்பார்கள். பாஸ்டர், மூணு வருஷமா உபவாசம் இருக்கேன், எண்ணெய் பூசியாச்சு, கை வச்சு ஜெபிச்சாச்சு, எல்லா கன்வென்ஷனுக்கும் போயாச்சு, சுகம் மட்டும் வரலையே, கர்த்தர் என்னை மறந்துட்டாரா என்பார்கள்.

இதைக் கேட்டதும் பக்கத்திலிருக்கிற ஒருவர், உங்களுக்கு விசுவாசம் பத்தலம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். சொன்னவர் நிம்மதியாகப் போகிறார். கேட்டவர் அன்று ராத்திரி தூங்குவதில்லை. வியாதி ஒரு பாரம், இப்போது குற்ற உணர்வு இன்னொரு பாரம்!

பிரியமானவர்களே, அப்படிப்பட்ட ஒரு சகோதரிக்காகவே இந்த மாதம் ஒரு தேவ மனுஷியின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் நம்முடைய பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் நம்ம தமிழ்நாட்டு மண்ணிலே ஐம்பத்தைந்து வருஷம் ஊழியம் செய்து, இந்த மண்ணிலேயே அடக்கம் பண்ணப்பட்டவர். டோனாவூர் அம்மை என்று தென்மாவட்டத்து ஜனங்கள் அன்போடு சொல்லுகிற ஏமி கார்மைக்கேல் அம்மையார்தான் அவர்.

நீலக் கண் கேட்ட சிறுமி

1867-ஆம் வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி, அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடற்கரை கிராமத்தில் ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்கு மாவு மில் இருந்தது. பக்தியுள்ள குடும்பம்.

ஏமிக்கு மூன்று வயது இருக்கும்போது நடந்தது இது. கேட்டால் இயேசு ஜெபத்துக்குப் பதில் கொடுப்பார் என்று அம்மா சொல்லியிருந்தார். ஏமியின் கண்கள் பழுப்பு நிறம். அவளுக்கோ அம்மாவைப் போல நீலக் கண் வேண்டும் என்று ஆசை. ராத்திரி முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு, சந்தேகமே இல்லாமல் படுத்துத் தூங்கினாள். விடிந்ததும் ஓடிப்போய் கண்ணாடியில் பார்த்தாள். அதே பழுப்புக் கண்!

குழந்தை அழுதுவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது, இல்லை என்பதும் ஒரு பதில்தானே என்று அவளுக்கு விளங்கியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் சேலை உடுத்தி, கைகளில் காப்பி நிறம் பூசிக்கொண்டு, வெள்ளைக்காரியை உள்ளே விடாத இடங்களுக்கெல்லாம் அவர் போனார். அப்போது அந்தப் பழுப்புக் கண்கள்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது. நீலக் கண்ணாக இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

இந்தச் சம்பவத்தை நாம் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கர்த்தர் இல்லை என்று சொன்ன எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு அழகான காரணம் வெளியே வந்துவிடும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஏமி அம்மாவின் மீதி வாழ்க்கை அப்படி இல்லை. அதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வல்லமையைக் கண்டவர்

1885-ல் அப்பா நிமோனியா வந்து மரித்துப்போனார். அப்போது ஏமிக்கு 17 வயது. குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. அந்த நாட்களில்தான் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் மில்லில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் மத்தியில் ஊழியம் ஆரம்பித்தார். தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையைத் தலையில் போட்டு வருகிற பெண்கள் அவர்கள். ஐந்நூறு பேர் உட்காரும்படி ஒரு தகரக் கூடாரம் 1889-ல் அவர்களுக்காக எழும்பியது. யாரிடமும் கையேந்தாமல் கர்த்தரிடமே கேட்டுக் கட்டினார்.

1892 ஜனவரியில், புறப்பட்டுப் போ என்ற தேவ அழைப்பு அவருக்குத் தெளிவாக வந்தது. சீனாவுக்குப் போக ஆயத்தமானார். உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். 1893-ல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

ஜப்பானில் மட்சுயே என்ற ஊரில், நரி ஆவி பிடித்தவன் என்று ஜனங்கள் பயந்த ஒரு மனிதன் இருந்தான். ஏமி அம்மாவும் மொழிபெயர்க்கிற சகோதரியும் அவனுக்காக ஜெபிக்கப் போனார்கள். முதலில் அவன் இன்னும் மூர்க்கமாகிவிட்டான். பார்த்தவர்களுக்கு எல்லாம் அவமானமாகப் போயிற்று. விடுதலை கிடைக்கிறவரைக்கும் ஜெபிப்போம் என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே அவன் விடுதலையானான் என்ற செய்தி வந்தது! அல்லேலூயா!

இதை ஏன் எழுதுகிறேன்? ஏமி அம்மா விசுவாசமில்லாதவர் அல்ல. பிசாசு ஓடினதைக் கண்டவர். பதில் வருகிறவரைக்கும் முழங்காலில் நிற்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவருக்கே அதே ஜப்பானில் உடம்பு உடைந்துபோனது. பதினைந்து மாதத்தில் ஜப்பான் ஊழியம் முடிந்தது. பிறனுக்குச் சுகம், தனக்கு வியாதி! இதற்கு அவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

பிள்ளை பிடிக்கிற அம்மா

1895 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூரில் வந்து இறங்கியதும் டெங்குக் காய்ச்சல். 1896-ல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தாமஸ் வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். தமிழைக் கற்றுக்கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய் சுவிசேஷம் சொன்னார். அந்தக் குழுவில் முக்கியமானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. அவரைப் பற்றி பின்னால் சொல்லுகிறேன்.

1901 மார்ச் மாதம். பண்ணைவிளையில் ஏமி அம்மா தங்கியிருந்தபோது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டிக்கொண்டு வரப்பட்டாள். பெயர் பிரீனா. பெருங்குளம் கோயிலுக்கு விடப்பட்டிருந்த பிள்ளை. ஒருதரம் அங்கிருந்து தப்பி தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடினாள். பயந்துபோன தாய் திரும்பவும் ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு போட்டார்கள். பிள்ளை பிடிக்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று அங்கே பயமுறுத்தியிருந்தார்களாம். அந்தப் பிள்ளை பிடிக்கிற அம்மாவையே தேடிக்கொண்டு வந்து, அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்!

அந்தக் குழந்தை சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து ஏமி அம்மாவின் ஊழியமே மாறிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டோனாவூரில் 1901-ல் குடியேறினார்கள். அதற்குப் பிறகு ஆபத்தில் இருந்த பெண்பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தார்கள். சில வருஷங்களுக்குள் நூற்றுக்கு மேல் ஆகிவிட்டது. 1918-லிருந்து ஆண்பிள்ளைகளும் வந்தார்கள். பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுகிற வழக்கத்துக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றவர்கள் சட்டசபையில் போராடி, 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேலாகவே டோனாவூரில் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன.

தொட்டில்கள் காலியான நாட்கள்

கர்த்தருடைய சித்தத்துக்காக எடுத்த ஊழியம் இது. அப்படியானால் எல்லாம் செழிப்பாக நடக்க வேண்டும் இல்லையா? நடக்கவில்லை.

எவ்வளவோ ஆபத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த கைக்குழந்தைகள் வியாதியில் மரித்தார்கள். இந்திரநீலா என்ற குழந்தை அம்மாவின் உயிருக்குயிரானவள். அவளும் போய்விட்டாள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று நெய்யூரில் ஒரு குழந்தைகள் வீடு வைத்து, பொன்னம்மாளைப் பொறுப்பாக வைத்தார்கள். அங்கேயும் வயிற்றுக்கடுப்பு வந்து குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தார்கள்.

தேவப்பிள்ளைகளே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கர்த்தர்தான் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். அதே கர்த்தர் ஏன் எடுத்துக்கொண்டார்? நீலக் கண்ணுக்குப் பதில் தெரிந்ததுபோல இதற்குத் தெரியவில்லை. ஏமி அம்மா பதில் தெரிந்ததுபோல நடிக்கவும் இல்லை. குழிமேட்டில் அழுதார். அடுத்த குழந்தைக்குப் பால் காய்ச்ச எழும்பிப் போனார்.

1912 ஆகஸ்டில் வாக்கர் ஐயர் ஊழியத்துக்குப் போன இடமாகிய மசூலிப்பட்டினத்தில் திடீரென்று மரித்தார். அம்மாவுக்குப் பெரிய தூண் சாய்ந்தது. 1913-ல் ஏமி அம்மாவைப் பெற்ற தாய் தூரதேசத்தில் மரித்தார். அதே வருஷம் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நாகர்கோவிலில் ஆபரேஷன் ஆயிற்று.

பொன்னம்மாளுக்காக டோனாவூரில் எல்லாரும் ஜெபித்தார்கள். படுக்கையைச் சுற்றி நின்று, ஜெயத்துக்கு அடையாளமாக ஒரு குருத்தோலையை அவர் மேலே வைத்து, கர்த்தரிடத்தில் ஒப்புக்கொடுத்து விண்ணப்பம் பண்ணினார்கள். நம்ம சபையில் கூடி ஜெபிக்கிறதுபோலவே! ஆனால் அந்த நாளிலிருந்தே வியாதி அதிகமானது. வலி கூடியது. 1915 ஆகஸ்டில் பொன்னம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்தக் குருத்தோலையை வைத்த கைகளில் விசுவாசம் இல்லையா? இருந்தது. ஜெபத்தில் குறை இருந்ததா? இல்லை. பின்னே ஏன்? தெரியாது, பிரியமானவர்களே. தெரியாது என்று சொல்லுகிறது அவிசுவாசம் அல்ல.

களக்காட்டுக் குழி

இனி அவருடைய வாழ்க்கையின் கடைசிப் பகுதிக்கு வருவோம்.

1931 அக்டோபர் 24. ஏமி அம்மாவுக்கு 63 வயது. அன்று காலையில் ஒரு விசேஷித்த ஜெபம் பண்ணினார். ஆண்டவரே, உமக்கு ஊழியம் செய்யவும் என் பிள்ளைகளுக்கு உதவி செய்யவும் என்னைத் தகுதிப்படுத்துகிற எதையும் எனக்குச் செய்யும் என்ற கருத்தில் தன்னை ஒப்புக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் களக்காட்டில், மருத்துவ ஊழியத்துக்காகப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். கக்கூசுக்காகத் தோண்டின குழியை ஆட்கள் தப்பான இடத்தில் தோண்டியிருந்தார்கள். மங்கலான வெளிச்சம். கால் வைத்தார், உள்ளே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சீக்கிரம் எழும்பி நடப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டோனாவூர் குடும்பம் முழுவதும் ஜெபித்தது. பல தேசங்களிலிருந்து ஜெபித்தார்கள். அங்கே ஜெபத்தாலேயே எழும்பிய ஆஸ்பத்திரிக்குப் பரம சுகசாலை என்று பேர். அந்தச் சுகசாலையில் எத்தனையோ கிராமத்து ஜனங்கள் சுகமாகி வீட்டுக்கு நடந்து போனார்கள். அம்மா மட்டும் நடக்கவில்லை.

ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம் அல்ல. 1951 ஜனவரி வரைக்கும், பத்தொன்பது வருஷத்துக்கு மேல்! அந்த ஒரு அறைதான் அவருக்கு உலகம். எப்போதாவது வெளியே அழைத்துப்போனது உண்டு, அவ்வளவுதான். மூட்டுவலி, நரம்புவலி, தூக்கமில்லாத ராத்திரிகள். மகளைப்போல வளர்த்து, தனக்குப் பின் ஊழியத்தைத் தாங்குவாள் என்று நம்பியிருந்த அருளாய் 1939-ல் மரித்துப்போனாள். 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார். அதற்குப் பிறகு படுக்கையை விட்டு எழும்பவே இல்லை. ஊழியத்தில் முக்கிய பொறுப்பில் இருந்த காட்ஃப்ரே வெப் பெப்ளோ ஐயரும் 1949-ல் மரித்தார்.

அந்த அறையிலிருந்து

அந்த நாட்களில் சுகமுள்ள பலர் அவருக்கு ஆறுதல் துண்டுப்பிரதிகளை அனுப்பினார்கள். வாசித்துப் பார்த்தார். அவை அவருடைய மனதைத் தொடவில்லை. வலி என்றால் என்னவென்று தெரியாதவர்கள், வலியில் இருப்பவருக்குப் புத்தி சொல்லுகிறதாக இருந்தது. ஆகவே வியாதிக்காரருக்கு வியாதிக்காரரே எழுதுகிற கடிதங்களாக ஒரு புத்தகம் எழுதினார். அது 1933-ல் வெளிவந்தது. படுக்கையில் இருந்துகொண்டே மொத்தம் பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்கும் ஊழியக்காரருக்கும் எழுதின சின்னச் சின்னக் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. மனம் உடைந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக அந்த அறையில் சந்தித்தார்.

பார்த்தீர்களா, அந்தப் புத்தகங்களுக்காகத்தான் கர்த்தர் குழியில் தள்ளினார் என்று யாராவது சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். குழியைத் தப்பான இடத்தில் தோண்டினது மனுஷர். அந்தக் குழியிலிருந்தும் கர்த்தர் நன்மையை எடுக்க வல்லவர், அது உண்மை. ஆனால் பத்தொன்பது வருஷ வலிக்கு இதுதான் கணக்கு என்று எழுதிக் கொடுக்க நாம் யார்? யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் அப்படித்தான் கணக்குச் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? கேள்வி கேட்ட யோபுவை விட, கணக்குச் சொன்ன சிநேகிதர்மேல்தான் அவருடைய கோபம் மூண்டது.

1951 ஜனவரி 18-ஆம் தேதி ஏமி அம்மா தூக்கத்திலேயே கர்த்தரிடத்தில் சேர்ந்தார். வயது 83. இந்தியாவுக்கு வந்த பிறகு ஒருதரம்கூட சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. தனக்குக் கல்லறைக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் அம்மை என்ற ஒரே வார்த்தை. இன்றைக்கும் டோனாவூர் ஊழியம் நடந்துகொண்டிருக்கிறது.

நமக்கு என்ன?

பிரியமானவர்களே, நாம் சுகமளிக்கிற தேவனை விசுவாசிக்கிறவர்கள். இன்றும் அவர் சுகமாக்குகிறார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நம்ம சபையிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். எனவே கேளுங்கள், எண்ணெய் பூசி ஜெபியுங்கள், ஊக்கமாய்ப் போராடுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தாமல் சாப்பிடுங்கள். பரம சுகசாலையைக் கட்டினவர் மருத்துவத்தையும் ஜெபத்தையும் எதிரிகளாக நினைக்கவில்லை.

ஆனால் அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை ஒருதரம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். யாக்கோபு பட்டயத்தினால் கொலையுண்டான். பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போனான். அதே எருசலேம் சபை, அதே கர்த்தர், ஒரே அதிகாரம். யாக்கோபின் வீட்டார் பேதுருவின் சாட்சியை எப்படிக் கேட்டிருப்பார்கள்? வேதம் விளக்கம் சொல்லவில்லை. பவுல் மூன்றுதரம் கேட்டும் முள் நீங்கவில்லை. எத்தனையோ பேரைச் சுகப்படுத்தின அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவிட்டுப் போனார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தல என்று அவர் எழுதவில்லையே!

ஆகவே சுகமாக இருக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வியாதிப்படுக்கைக்குப் போனால் நியாயம் தீர்க்காதேயுங்கள். பதில் தெரியாவிட்டால் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். கஞ்சி வைத்துக் கொடுங்கள், பாத்திரம் கழுவிக் கொடுங்கள், பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். யோபுவின் சிநேகிதர் வாய் திறக்காமல் உட்கார்ந்த அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நல்ல ஊழியம்.

மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற என் சகோதரியே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஜெபம் கூரையில் முட்டித் திரும்பி வரவில்லை. கர்த்தர் மறக்கவில்லை. ஏன் தாமதம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல உங்களிடம் நடிக்கமாட்டேன். ஏமி அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. கண் நிறத்துக்குப் பதில் தெரிந்தது. இந்திரநீலாவுக்குத் தெரியவில்லை, பொன்னம்மாளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்த ஒருவரை அவர் பிடித்துக்கொண்டார். தன் சொந்தக் குமாரனையே சிலுவையில் கொடுத்தவர் தனக்கு விரோதமாக இருக்கமாட்டார், இதை மட்டும் நிச்சயமாகப் பிடித்துக்கொண்டார். இருட்டில் நடக்கிற பிள்ளைக்கு வழி தெரியாவிட்டாலும் அப்பாவின் கை தெரியும் அல்லவா?

அழுங்கள், தப்பில்லை. கேள்வி கேளுங்கள், சங்கீதக்காரனும் கேட்டான். ஆனால் கையை மட்டும் விட்டுவிடாதேயுங்கள். உங்களால் பிடிக்கப் பலமில்லாத நாளில் அவர் உங்களைப் பிடித்துக்கொள்ளுவார்.

ஜெபிப்போம்

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் சபையில் நெடுநாளாய் வியாதியோடும் கண்ணீரோடும் காத்திருக்கிற ஒவ்வொருவரையும் உம்முடைய சமுகத்தில் கொண்டுவருகிறோம். இன்றே தொட்டுச் சுகமாக்கும் என்று தைரியமாய்க் கேட்கிறோம். நீர் தாமதித்தாலும் உம்மை விட்டு விலகாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். துன்பப்படுகிறவர்களை வார்த்தையால் காயப்படுத்தின எங்களை மன்னியும். எங்களுக்கு விளங்காத நாளிலும் நீர் நல்லவர் என்று உம்மைத் துதிக்கிறோம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்!